நின்றுபோகாத கம்ப்யூட்டர்

குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கம்ப்யூட்டரை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து, அக்காவின் பழுதுபார்க்கும் கடை மேஜைமேல் வைத்தான் தம்பி. வீடியோ எடிட்டிங் அவன் தொழில். வேலை நடுவில் மெஷின் நின்றுவிடுகிறது, அதனால்தான் எதையும் முடிக்க முடியவில்லை என்று மாதக்கணக்காக எல்லோரிடமும் சொல்லிவந்தான். வந்த வேலைகள் ஒவ்வொன்றாய்க் கைநழுவின. மனைவியும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

தூசிகூடத் தட்டாமல், வந்த கோலத்திலேயே அக்கா சோதனையை ஓடவிட்டாள். மெஷினை மூச்சுமுட்ட வேலைவாங்கும் சோதனை அது. கோளாறு இருந்தால் சூடேறி அணைந்துவிடும்.

மத்தியானம் தாண்டியும் அது அசரவில்லை. சூடு எழுபத்தைந்து டிகிரிக்கு ஏறி, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்க்கா."

"நல்லாத்தான்டா ஓடுது."

"வீட்டுல நின்னுடுதே." திரையைவிட்டு அவன் கண்ணை எடுக்கவில்லை. "இதுக்கு ஒண்ணுமில்லன்னா, எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். இல்லக்கா?"

"டாக்டரைப் போய்ப் பார்ப்போமா?"

"மொதல்ல மெஷினைப் பாரு."

அப்பாவிடமிருந்து போன் வந்தது. அவன் பேசிக்கொண்டே வெளியே போனான். அக்கா ஒரு கணம் தயங்கினாள். பிறகு மெஷினின் மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டு, சூடு தணிக்கும் விசிறியின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். எண்பது, தொண்ணூறு, நூறு. திரை இருண்டது.

திரும்பி வந்தவன் மெஷினையே சற்று நேரம் பார்த்தான். போன் இன்னும் காதில் இருந்தது.

"மெஷின்தாம்ப்பா," என்றான். "அக்கா கண்ணு முன்னாடியே நின்னுடுச்சு."

வெகுநாளைக்குப் பிறகு அவன் முகம் தெளிந்தது. கடையிலிருந்த நல்ல மெஷின் ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வாரம் அக்கா அவன் வீட்டுக்குப் போனபோது கதவு தாழிடாமல் இருந்தது. திரையில் யாரோ ஒரு மணமகள் பாதிச் சிரிப்பில் உறைந்திருந்தாள். தம்பி மடியில் கையை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"எப்படிடா ஓடுது?"

"அதுக்கென்ன, ஓடுது. நான்தான் கையை வைக்க முடியாம உக்காந்திருக்கேன்."

"அன்னிக்குக் கடையில நான்தான்டா..."

"தெரியும்க்கா. ஒயர் கழண்டு கெடந்ததைப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டா ஒண்ணும் சொல்லல?"

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத," என்றான். "அவராவது மெஷின்தான்னு நம்பிட்டுப் போகட்டும்."