சவிரிமுத்துவின் கிழக்கு எல்லை

ஜெர்மனியின் பான் நகரில், றெக்ஸின் வீட்டுச் சோபாவின் நுனியில் அஞ்சலா ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். எதிரே மேசையில் ஒரு மரணசாசனத்தின் பிரதி. சண்டை நின்ற சமாதான காலம், யாழ்ப்பாணப் பாதை திறந்திருக்கிறது என்று ஊருக்குப் போன றெக்ஸ், யாழ்ப்பாணத்துக் காணிக் கந்தோரில் அலைந்து திரிந்து எடுத்து வந்தது. 1921இல் இளவாலைச் சவிரிமுத்து தமிழில் சொல்லச் சொல்ல பத்திரம் எழுதும் நொத்தாரிசு இங்கிலீசில் எழுதிய ஐந்து பக்கம். மனிசனுக்கு அதில் ஒரு வரியும் விளங்கியிராது. கைநாட்டு மட்டும்தான் அவருடையது.

சவிரிமுத்து, றெக்ஸின் அப்பப்பாவைப் பெற்ற தகப்பன். "என்ர அம்மம்மா எலிசபெத்து அந்த வீட்டுப் பிள்ளை, அவையள் எங்கட ஆக்கள்" என்று அஞ்சலாவின் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையா என்று கேட்க இப்போது அந்தப் பக்கத்தில் ஒருவரும் மிச்சமில்லை. அஞ்சலாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. கலியாணம் கட்டவில்லை. ஜெர்மனிக்கு வந்து பத்தொன்பது வருடமாக ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைத்து மடிக்கிறாள். போன வருடம் கேவலார் மாதா திருவிழாவில் றெக்ஸ் சவிரிமுத்துவின் வழி என்று அறிந்ததுமே ஆளைப் பிடித்துக்கொண்டாள். வேலைத்தலத்தில் எல்லோரிடமும், பானில் எனக்குச் சொந்தம் இருக்கிறது என்று அளந்தும் விட்டாள். அது பொய்யாகிவிட்டால், இந்தத் தேசத்தில் மட்டுமல்ல, எந்தத் தேசத்திலும் அவளுக்கென்று ஒருவரும் இல்லை.

வாசித்தவள் றெக்ஸின் மகள் பிறின்சி. ஜெர்மன் நோட்டார் ஒருவரிடம் வேலை பழகுகிறவள். பத்திரம் என்றால் கரைத்துக் குடித்தவள் என்ற நினைப்பு அவளுக்கு.

"மூண்டு பேர்தான் இருக்கு, அன்ரி. மூண்டும் ஆம்பிளைப் பிள்ளையள். எலிசபெத் எண்டு ஒருத்தரும் இல்லை."

"வடிவாப் பாரும் பிள்ளை."

"பாத்திட்டன். பிள்ளையெண்டா பங்கு குடுக்காமல் விட ஏலாது. எங்கட பியூரோவில ஒவ்வொரு நாளும் இதைத்தானே பாக்கிறன்."

"பரவாயில்லை" என்று அஞ்சலா சிரித்தாள். அது வாயில் மட்டும்தான். இவர்கள் முன்னால் அழுதுவிடாமல் ஸ்டேசன்வரை போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

தேத்தண்ணியோடு வந்தாள் றெக்ஸின் மனைவி யோசப்பின். மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"சீதனம் குடுத்து அனுப்பின பொம்பிளைப் பிள்ளையை ஆரடி பிறகு சாசனத்தில எழுதுறது? அவவின்ர பங்கு கலியாணத்தோட போயிட்டுது. காணியின்ர எல்லையளை வாசிச்சனியோ?"

"அது சும்மா வடக்கு, தெற்கு..."

"அதை வாசி."

பிறின்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். வடக்கே ஒழுங்கை. தெற்கே கோயில் காணி. கிழக்கே என்றவள் நிறுத்தினாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கினாள்.

"கிழக்கே... மரியாம்பிள்ளையின்ர மனுசி எலிசபெத்துக்கு... என்ர மகளுக்கு... நான் சீதனமாக் குடுத்த காணி."

"மரியாம்பிள்ளை எங்கட பூட்டன், அம்மாவின்ர அம்மப்பா!" அஞ்சலா எழும்பியே விட்டாள்.

விரல் மடித்து எண்ணத் தொடங்கினாள் யோசப்பின். "எலிசபெத்தும் இவரின்ர அப்பப்பாவும் கூடப்பிறந்தவை. அவையளின்ர பிள்ளையள் மச்சான், மச்சாள். அப்ப இவரும் உங்கட அம்மாவும் தம்பி, அக்கா முறை. ஐயோ மாதாவே, இவர் உங்களுக்கு மாமா!"

அஞ்சலாவைவிட இரண்டு வயது இளைய மாமா றெக்ஸ், எதிர்க் கதிரையில் இருந்தபடி இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டார். இருபத்து மூன்று வயதுப் பிறின்சி வாயைப் பொத்தினாள். "அப்ப அன்ரி எனக்கு மச்சாளோ?"

அஞ்சலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்தக் கடைசிப் பக்கத்தையே தடவிக்கொண்டு நின்றாள்.

"சரி, மருமகளே," என்றாள் யோசப்பின். அதுவரை 'அக்கா, நீங்கள் இருங்கோ' என்று சொல்லிக்கொண்டிருந்தவள். "இனியும் என்ன விருந்தாள் மாதிரி? குசினியில மீன் கிடக்கு. வந்து வெட்டு."

அஞ்சலா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். தண்ணீர்க் குழாயைத் திறந்து, பெரிய மீனாகப் பார்த்து வாலைப் பிடித்துக் கத்தியால் சுரண்டினாள். செதில்கள் தெறித்து அவள் கையிலும் கன்னத்திலும் ஒட்டின.