அக்கா சொன்ன எண்

"ஆறாம் வார்டு. சொல்லுங்க மேடம்."

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்கா குரலைக் கேட்டதுமே ஆளைக் கண்டுகொண்டாள். போனை எடுத்தது நர்ஸ் அல்ல. பத்து நாளாக வைரஸ் காய்ச்சலில் கிடக்கும் அவளுடைய தம்பி. பஸ் கண்டக்டர். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தாலும் வாய்க்குப் பூட்டுப் போட முடியாத ஆள். கட்டிலை ஒட்டியே நர்ஸ் மேசை இருந்தது அவனுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

"நர்ஸ்கிட்ட குடுடா."

"ஊசி போடப் போயிருக்காங்க. என் ரிசல்ட்தானே? சொல்லு."

ஆபத்தான எண் வந்தால் ஆய்வகம் உடனே வார்டுக்குச் சொல்ல வேண்டும். கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தாளில், உடம்பின் அழற்சியைக் காட்டும் ஃபெரிட்டின் பதினெட்டாயிரம். நேற்று நாலாயிரம்தான். கிருமியோடு சண்டை போட வேண்டிய லிம்போசைட் அணுக்களோ தேய்ந்து போயிருந்தன. எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கத் தொடங்கிவிட்டது; காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக்குத் தீ வைத்த கதை. இந்த எண்ணோடு வீடு திரும்பியவரை அவள் பார்த்ததில்லை. பொய் சொன்னால் நிம்மதியாகத் தூங்குவான். யாரையும் பார்க்காமல் அப்படியே போயும் விடுவான்.

"பதினெட்டாயிரம்."

மறுமுனையில் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"பதினெட்டாயிரம்," என்று திருப்பிச் சொன்னான். நர்ஸுகளைக் கேட்டுக் கேட்டு விதி அவனுக்கும் மனப்பாடம். "தேறாத நம்பராக்கா?"

"நான் பாத்தவரைக்கும்... ஆமாண்டா."

"சரி சரி, மூக்கை உறிஞ்சாத. சாயங்காலம் எல்லாரையும் கூட்டிட்டு வா. சீட்டுக்கட்டு மறந்துடாத."

டாக்டரிடமும் அவளே சொன்னாள். அவர் மருந்தை மாற்றிவிட்டு, வருகிறவர்களைத் தடுக்க வேண்டாம் என்றார். சாயங்காலம் முகக்கவசத்தோடு எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து 'கழுதை' ஆடினார்கள். அவன் தலையணைக்கு அடியில் சீட்டை ஒளிக்க, மகள் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"அம்மா, அப்பா திருடுறாரு!"

"இன்னிக்குத்தான் தெரியுமா உனக்கு?" என்றாள் அவன் மனைவி.

எட்டிப் பார்த்த டாக்டரையும் பிடித்து உட்கார வைத்தான். கடைசியில் கழுதையானது அவர்தான். வெள்ளைக் கோட்டோடு அவர் கழுதையாகக் கத்தியபோது வார்டே வயிறு குலுங்கச் சிரித்தது. அக்காவுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. இத்தனை சந்தோஷமாக இருந்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

விடிவதற்குள் அவன் போய்விட்டான், மனைவியின் கையைப் பிடித்தபடி.

காலையில் அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் நர்ஸ் தயங்கித் தயங்கி ஒரு பதிவேட்டை நீட்டினாள். போனில் வரும் எண்களைக் குறிக்கும் நோட்டு.

"நேத்து நான் எழுதலை மேடம். சரியான்னு பாத்து நீங்க கையெழுத்துப் போடணும்."

ஓடும் பஸ்ஸில் எழுதிப் பழகிய கோணல் எழுத்து. நேரம், எண் எல்லாம் சரியாகவே இருந்தன. சொன்னவர்: அக்கா. கேட்டவர்: தம்பி.

"பேரே இல்லையே, திருத்திடலாமா?"

"வேணாம், சரியாத்தான் இருக்கு," என்று அவள் பேனாவை வாங்கினாள்.