மண்டையோட்டு வைரவர்

வெள்ளைக்காரி ஓட்டோவை விட்டு இறங்கியபோது, கேதீஸ்வரன் வைரவர் மேல் கட்டிபட்டிருந்த எண்ணெயைத் தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை. பின்னேரம் சனம் வரும்.

அரியாலையில் கடல்நீரேரிப் பக்கம் போகிற ஒழுங்கையின் கடைசி வளவு அவனுடையது. வளவின் மூலையில், வேப்பமரத்தடியில், படுத்துக் கிடந்த ஒரு பாதிக் கற்பலகை; அதன் தலைமாட்டில் குத்திய ஒரு சூலம். கோயில் என்றால் அவ்வளவுதான். கல்லில் ஒரு மண்டையோடு செதுக்கியிருந்தது. அதன் இரு பக்கமும் சிறகு, கீழே இரண்டு எலும்புகள் குறுக்காக. வைரவர் கபாலம் ஏந்துகிறவர். ஊருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஓட்டோக்காரன் சிவகரன் முன்னால் வந்தான். ஓட்டோ ஓடாத நேரங்களில் பழைய சரித்திரக் கதைகளை வீடியோ எடுத்து யூரியூப்பில் போடுகிறவன்.

“கோவியாதேங்கோ அண்ணை. இந்த அம்மா ஒல்லாந்திலையிருந்து வந்திருக்கிறா. பேர் யொகானா. உங்கடை கல்லை ஒருக்காப் பாக்கோணுமாம்.”

“வைரவரைக் கும்பிடவோ?”

“வைரவர் இல்லை அண்ணை.” சிவகரன் குரலைத் தாழ்த்தினான். “உது அவவின்ரை பூட்டிக்கும் பூட்டி ஒராளின்ரை சமாதிக் கல்லு.”

யொகானா கைப்பேசியில் ஒரு பழைய படத்தைக் காட்டினாள். கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயத்தின் தரை. அதில் பதித்த முழுக் கல். மேல் பாதியில் அதே மண்டையோடு, அதே சிறகு. இடது சிறகின் நுனி அதே மாதிரி உடைந்திருந்தது. கேதீஸ்வரன் படத்தைப் பார்த்தான்; கல்லைப் பார்க்கவில்லை. கல் யாருடையது என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. கல்லுக்குக் கீழே கிடந்தவள் அவனுடைய தங்கச்சி.

கல்லைக் கொண்டுவந்தது அவனுடைய தகப்பன் தம்பிஐயா. தொண்ணூறில் ஆமியின் கோட்டை இயக்கத்திடம் விழுந்த பிறகு சனம் அங்கிருந்து வண்டில் வண்டிலாகக் கல் ஏற்றியது. எல்லாருக்கும் செல்லடிக்கு ஒதுங்கும் பங்கரை மூடக் கல் வேண்டும். யாருடைய கல் என்று யாரும் வாசித்துப் பார்க்கவில்லை. பிறகு இடப்பெயர்வில் குடும்பம் வன்னிக்குப் போனது. திரும்பி வந்தபோது தங்கச்சி தக்சாயினி அவர்களோடு வரவில்லை, இயக்கத்துக்குப் போய்விட்டாள். இரண்டாயிரத்தில் சண்டை மறுபடி அரியாலைக்கு வந்தபோது அவளும் அதனோடு வந்தாள், வயிற்றில் செல் துண்டோடு, தவழ்ந்து, சொந்த வீட்டுப் படலைக்கு. அன்றைக்கே பங்கருக்குள் செத்தாள். சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லை. ஆமிக்குத் தெரிந்தால் மிச்ச ஆட்களும் மிஞ்சமாட்டார்கள். சீருடையைக் கழற்றி எரித்து, தாயின் நைலெக்ஸ் சேலையால் சுற்றி, பங்கருக்குள்ளேயே கிடத்தி மண்ணைத் தள்ளினார்கள். நாய் கிண்டாமல் இருக்க மேலே கல்லைப் போட்டார்கள். அவசரத்தில் செதுக்கின பக்கம் மேலே வந்துவிட்டது.

சண்டை ஓய்ந்து சனம் திரும்பியபோது அயல் மனுசி ஒருத்தி மண்டையோட்டைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு செவ்வரத்தம்பூ வைத்தாள். கேதீஸ்வரன் தடுக்கவில்லை. கும்பிடுகிற இடத்தை யாரும் கிண்டமாட்டார்கள். சூலத்தை அவனே வாங்கிக் குத்தினான்.

மகள் எங்கே என்று விசாரிக்க வந்தவர்களுக்குத் தாய் பத்மாவதி வன்னியில் என்றாள். யுத்தம் முடிந்த பிறகு, புதுக்குடியிருப்பில் காணாமல்போனாள் என்று ஆணைக்குழுவுக்கும் சொன்னாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற, மகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு மற்றத் தாய்மாரோடு வீதியில் போய் இருந்தாள். வீட்டுக்கு வந்து கல்லுக்கு விளக்கு வைத்தாள். எலும்பை எடுத்து எரித்துக் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்று அவள் கேட்காத மாதம் இல்லை. நிலைமை சரிவரட்டும் அம்மா என்று அவன் சொல்லாத மாதமும் இல்லை. நிலைமை அப்படியே இருந்தது. தாய் போய்ச் சேர்ந்தாள்.

“இப்ப அவவுக்கு என்ன வேணுமாம்?” என்று கேதீஸ்வரன் கேட்டான்.

“ஒண்டும் வேண்டாம். பூ வைக்கோணுமாம். கதையைக் கேளுங்கோ அண்ணை, உங்களுக்கு மயிர் சிலிர்க்கும்.”

சிவகரன் சொன்னான். முன்னூறு வருசத்துக்கு முந்தி ஒரு பஞ்சம். இந்தக் கரையில் ஒரு குடும்பம் தங்கள் பெட்டையை அரிசிக்கு விற்றது. வாங்கினவன் ஒல்லாந்துக் கொம்பனி வியாபாரி. அவனுடைய பெண்சாதி சொந்த ஊருக்குக் கப்பலேறியபோது, பிள்ளைகளைப் பார்க்க அவளையும் கொண்டுபோனாள். மிடில்பேர்க் என்ற பட்டினம். பெட்டைக்கு லூசியா என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்து, அங்கே ஒரு கப்பல் தச்சனைக் கட்டிப் பிள்ளைகளும் பெற்றாள். பிறகு புருசனுக்கு இங்கே வேலை கிடைக்க, பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு அவனோடு திரும்பி வந்தாள். வந்து தாய் தகப்பனைத் தேடினாள். கிடைக்கவில்லை. காய்ச்சலில் செத்தாள். அவள் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளின் வழிதான் யொகானா.

“விக்கேக்கை அரிசிக்கு வித்தவை. சாகேக்கை கோட்டைத் தேவாலயத்திலை கல்லு. எப்பிடி அண்ணை கதை?”

“நல்ல கதை. பூவை வைச்சிட்டுக் கெதியாப் போகச் சொல்லு.”

யொகானா முழங்காலில் இருந்து மண்டையோட்டைத் தடவினாள். அவளுடைய விரல்களில் எண்ணெய் பிரண்டது. அழுதாள். அழுது முடித்தால் போய்விடுவாள், அதோடு சரி என்று கேதீஸ்வரன் நினைத்தான். தியாகராசா மாஸ்ரர் வடைமாலை வாளியோடு நேரத்தோடேயே வந்திராவிட்டால் அப்படித்தான் முடிந்திருக்கும்.

மாஸ்ரர் பள்ளிக்கூடத்தால் ஓய்வு பெற்றவர். இந்த வைரவருக்கு நேர்த்தி வைத்துத்தான் அவருடைய மகன் சுவிஸ் போய்ச் சேர்ந்தான். அதிலிருந்து வெள்ளிக்கிழமை வடைமாலை அவருடையது.

“ஆர் தம்பி இவ? ஏன் அழுகிறா?”

சிவகரனுக்கு ஒரு கதை வாயில் இருந்தால் அது வெளியே வந்துதான் தீரும். கேதீஸ்வரன் கண்ணைக் காட்டினான். அவன் பார்க்கவில்லை. கைப்பேசியைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே முழுவதையும் சொன்னான். மாஸ்ரர் வாளியை நிலத்தில் வைத்தார்.

“அப்ப உது செத்த வீட்டுக் கல்லோ?”

“சரித்திரம் மாஸ்ரர்!”

“பொறு. அந்தப் பெட்டை எந்தப் பகுதி ஆக்கள்?”

“அது ஆருக்குத் தெரியும்? வித்த ஆக்கள். அடிமைச் சனம்.”

மாஸ்ரர் வாளியைத் திரும்பத் தூக்கிக்கொண்டார்.

அடுத்தநாள் காலமை ஒழுங்கை முழுக்க அதுதான் கதை. தண்ணீர்க் குழாயடியில் இராசமலர் என்ற மனுசி தலையில் கை வைத்தாள்.

“இருபத்தைஞ்சு வருசமாச் செத்தவீட்டுத் துடக்கிலை கிடந்திருக்கிறம். அதிலை படைச்ச வடையை என்ரை பிள்ளையளுக்கும் குடுத்தனான்.”

“உன்ரை மோனுக்கு விசா கிடைச்சதும் உந்தக் கல்லாலைதானே?” என்றாள் மற்றவள்.

“பின்னை? வெள்ளைக்காரக் கல்லு விசா தராமல் என்ன தரும்?”

சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும், கல்லை எடுத்து எறிய வேண்டும் என்றார்கள்.

கேதீஸ்வரனின் மனைவி குணலட்சுமி தண்ணீர்க் குடத்தோடு வந்து குசினி வாசலில் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

“இஞ்சருங்கோ, மாஸ்ரரிட்டைப் போய் உள்ளதைச் சொல்லுங்கோ.”

“என்னெண்டு சொல்லுறது? என்ரை தங்கச்சியின்ரை நெஞ்சிலை வைச்சுத்தான் நீங்கள் தேங்காய் உடைச்சனீங்கள் எண்டோ?”

“அவை எலும்பைக் கண்டுபிடிச்சால் பொலிஸ் வரும். சுடலைப் பக்கம் தோண்டுறதைப் பாக்கேல்லையே? இலக்கம் போட்டுப் பெட்டிக்குள்ளை வைக்கிறாங்கள். அவளுக்கும் ஒரு இலக்கம் போடுவாங்கள். பேந்து எங்கடை கைக்கு வராது.”

அது உண்மை. மயானத்தில் யுத்தகாலப் புதைகுழி ஒன்றைக் கண்டு எலும்புகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அரியாலையில் எலும்பு என்றால் இப்போது அது நீதிமன்றத்தின் சொத்து. அவன் சேட்டைப் போட்டுக்கொண்டு போனான்.

மாஸ்ரர் விறாந்தையில் சுருங்கிப்போய் இருந்தார். இரவிரவாகச் சுவிஸோடு கதைத்திருக்கிறார் போல, கண் சிவந்திருந்தது.

“இரு கேதீஸ். உன்னை ஒருதரும் பிழை சொல்லேல்லை. நீயும் எங்களை மாதிரித் தெரியாமல் ஏமாந்தனிதானே. தெரிஞ்சுகொண்டு ஊரை ஏமாத்தினால்தான் பாவம்.”

கேதீஸ்வரன் திறந்த வாயை மூடினான்.

“கல்லை நானே எடுக்கிறன் மாஸ்ரர். ஆக்கள் வேண்டாம்.”

“தனிய ஏலுமே? பெடியளை விடுறன். நாளைக்கு ஐயரும் வருவார். கழிப்புக் கழிச்சு, மண்ணையும் வெட்டி எறிஞ்சு, புது மண் போடோணுமாம்.”

“மண்ணை ஏன் வெட்டுறியள்?”

“துடக்கு மண் தம்பி.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பிறகு எத்தனையோ தரம் அந்த இடத்துக்கே அவனுடைய புத்தி போய் நின்றது. ஆனால் அவன் சொன்னது, “ஓம், சரி” என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வளவுக்குள் நின்றது. பெடியள் அலவாங்கு போட்டுக் கல்லை நிமிர்த்தி வேலியோடு சாய்த்தார்கள். சிவகரன் நேரலையில் போட்டுக்கொண்டிருந்தான். ஐயர் மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளித்தார். ஒருவன் மண்வெட்டியை ஓங்கினான்.

“காணும், விடுங்கோ” என்றான் கேதீஸ்வரன்.

“இன்னும் தொடங்கவே இல்லை அண்ணை.”

“காணும் எண்டன்! இது என்ரை வளவு!”

அவன் கல் கிடந்த இடத்தில் போய் ஏறி நின்றான். மாஸ்ரர் வந்து அன்பாக அவனுடைய தோளைப் பிடித்து விலக்கினார். “அவனுக்கு மனம் தாங்கேல்லை, பாவம்” என்றார் சனத்துக்கு. இரண்டு பேர் அவனைக் கதிரையில் இருத்தி, குணலட்சுமியிடம் தேத்தண்ணி கேட்டார்கள். அவள் அசையவில்லை.

மண் இளகின மண். இடுப்பளவு போக முன்னமே நீலச் சேலை வந்தது. நைலெக்ஸ் உக்குவதில்லை. பூக்கூடத் தெரிந்தது. பெடியன் இழுத்தான். சேலையோடு விலா எலும்புகளும் வந்தன.

இராசமலர் கத்தினாள். ஐயர் செருப்பைத் தேடினார். சிவகரனின் கைப்பேசி நேரலையில் அப்படியே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த சனம் கொஞ்ச நேரத்துக்குள் அதை உலகம் முழுக்க அனுப்பிவிட்டது. அரியாலையில் இன்னொரு புதைகுழி என்று. பொலிஸ் மத்தியானத்துக்குள் வந்து மஞ்சள் பட்டி கட்டியது.

“அது என்ரை தங்கச்சி” என்றான் கேதீஸ்வரன். முதல்முறையாகச் சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

ஒருவரும் நம்பவில்லை. மாஸ்ரர் மட்டும் நம்பினார். அவர் முகம் கோணியது. நிலத்தில் துப்பிவிட்டுப் படலையால் போனார். அதன் பிறகு அவர் அந்த வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

விசாரணையில் கேட்ட அதிகாரி தமிழர்தான். மரியாதையாகத்தான் கேட்டார்.

“இரண்டாயிரத்திலை செத்தவ எண்டுறியள். உங்கடை அம்மா இரண்டாயிரத்து ஒன்பதிலை காணாமல்போனது எண்டு சத்தியம் செய்து சொல்லியிருக்கிறா. எதை நாங்கள் எடுக்கிறது?”

“அம்மா பொய் சொன்னவ.”

“அப்ப நீங்கள் சொல்லுறது உண்மை எண்டதுக்கு ஆர் சாட்சி?”

“அப்பா, அம்மா. ரெண்டு பேரும் இல்லை.”

“இரத்தம் எடுத்து எலும்போடை பொருத்திப் பாப்பம்.”

இரத்தம் எடுத்தார்கள். எலும்புகளை எண்ணி, பொதி செய்து, பெட்டியில் இட்டு, இலக்கம் ஒட்டினார்கள். முடிவு எப்போது வரும் என்று கேட்டான். முந்தி எடுத்த பெட்டிகளே இன்னும் அறையில் கிடக்கின்றன என்றார்கள்.

கல்லை எடுக்கத் தொல்பொருள் திணைக்கள ஆட்கள் வந்தார்கள். அதற்கு ஒரு தடையும் இல்லை. யாருடைய கல், எப்போது செத்தவள், எந்தக் கப்பலில் போய் எந்தக் கப்பலில் வந்தவள் என்பதெல்லாம் மிடில்பேர்க் பதிவேடுகளில் சுத்தமாக எழுதியிருந்தது. வைக்கோலில் சுற்றி லொறியில் ஏற்றினார்கள். யொகானா அன்றைக்கு வந்து நின்றாள். மஞ்சள் பட்டிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ சொன்னாள்.

“உங்கடை கவலை தனக்கு விளங்குதாம்” என்றான் சிவகரன், தலையை நிமிர்த்தாமல்.

“என்ன விளங்குது எண்டு கேள்.”

சிவகரன் கேட்கவில்லை.

மாரி தொடங்கி, இரத்தத்தின் முடிவு வராமலே மாதங்கள் போனபின், கேதீஸ்வரன் பஸ் ஏறிக் கீரிமலைக்குப் போனான். தாய் கேட்டதை ஏதோ ஒரு வழியில் முடித்துவிடலாம் என்று நினைத்தான். கேணிக்குப் பக்கத்தில் கிரியை செய்கிற மண்டபத்தில் குருக்கள் தர்ப்பை கிழித்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சிக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யோணும் ஐயா.”

“சாம்பல் கொண்டுவந்தனீங்களோ?”

“இல்லை ஐயா. எரிக்கேல்லை.”

குருக்கள் அவனை ஒருதரம் பார்த்தார். இந்த மாதிரி ஆட்கள் அவருக்குப் புதிதல்ல. “பறவாயில்லை. தர்ப்பையிலை உருவம் செய்து, அதை எரிச்சுச் செய்வம். காணாமல்போன ஆக்களுக்கு இஞ்சை கனக்கச் செய்திருக்கிறன். பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ.”

“காணாமல்போகேல்லை ஐயா. எலும்பு இருக்குது. பெட்டியிலை, அரசாங்கத்தின்ரை கையிலை.”

குருக்கள் தர்ப்பையைக் கீழே வைத்தார்.

“உடம்பு இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டு தர்ப்பையிலை செய்யப்படாது தம்பி. பேந்து எலும்பு வந்தால் ரெண்டாம் தரம் எரிப்பியளோ? எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“தருவினமோ தெரியாது.”

“அப்ப தரமாட்டினம் எண்டு தெரிஞ்சாப்பிறகு வாங்கோ.”

“அதையும் சொல்லமாட்டினம் ஐயா.”

கேதீஸ்வரனுக்குப் பின்னால் ஒரு குடும்பம் சாம்பல் முட்டியோடு நனைந்துகொண்டு நின்றது. குருக்கள் அவர்களைக் கையால் கூப்பிட்டார். கேதீஸ்வரன் விலகி வழி விட்டான்.