ஜமால் பேரில் ஒரு சுக்கான்

காலை எட்டு மணிக்கே கோத்தா திங்கி படகுத்துறை ஆபீசின் அஞ்சடித் தாழ்வாரத்தில் ஒன்பது செராங்குகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். லாஞ்சி என்னும் ஆற்று எஞ்சின் படகில் சுக்கான் பிடிக்கிறவனுக்குத்தான் செராங்கு என்று பேர். ஐந்து பேர் மரைக்காயர் லாஞ்சிக்காரர்கள். நான்கு பேர் ஜலசந்திக் கம்பெனி ஆட்கள். ரப்பர் விலை விழுந்து, சரக்கெல்லாம் லாரிக்குப் போனபின் இரண்டு கம்பெனியையும் போன மாதம் ஒன்றாக்கிவிட்டார்கள். ஒன்பது லாஞ்சியில் ஐந்தைக் கரையில் ஏற்றிப் போட்டாயிற்று. மிச்சம் நான்கு லாஞ்சிக்கு நான்கு செராங்குகள் போதும்.

யார் அந்த நாலு பேர் என்பதற்குப் புது மேனேஜர் துரை ஒரு விதி வைத்திருந்தார். எந்தக் கம்பெனி ஆளானாலும் சரி, சர்வீஸ் கூடியவன் முதலில். நியாயமான விதிதான். ருக்னுதீனுக்கு இந்த ஆற்றில் பதினான்கு வருஷம். அந்த அஞ்சடியில் அவனுக்கு மூத்தவன் எவனும் இல்லை. அப்படியிருந்தும் உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. கைலியில் துடைத்தான், மறுபடி வேர்த்தது.

ரிஜிஸ்டரில் இருந்த பேர் அவனுடையது இல்லை.

கடல் கடந்து வந்த கீழக்கரை ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்குப் போகிறவன் வேலையை விட்டுவிட்டுப் போவதில்லை. தம்பியையோ மச்சானையோ தன் இடத்தில் நிறுத்தி, தன் பேரிலேயே வேலை பார்க்க வைத்துவிட்டுக் கப்பலேறுவான். திரும்பி வந்தால் இடம் இருக்கும். வராமல் போனாலும் வேலை குடும்பத்தை விட்டுப் போகாது. ருக்னுதீனின் பெண்டாட்டி மைமூனின் அண்ணன் ஜமால் 1918-இல் ஆறு மாத லீவில் போனபோது, சொந்தமாகச் சம்பான் படகு தள்ளிக்கொண்டிருந்த தங்கை புருஷனைத்தான் சுக்கானில் நிறுத்திவிட்டுப் போனார். ஆறு மாதம் மூன்று வருஷமாயிற்று. பிறகு காய்ச்சலில் மௌத்தாகிவிட்டதாகக் கடுதாசி வந்தது.

மரைக்காயருக்கும் விஷயம் தெரியும், கணக்கெழுதும் பழைய கிராணிக்கும் தெரியும். அவர்களும் இப்போது இல்லை. வருஷா வருஷம் லைசென்சில் ஜமால் பேருக்கு முத்திரை விழுந்தது. ஆபீசில் ஜமால் என்று கூப்பிட்டால் ருக்னுதீன் எழுந்து போவான். ஆற்றில் எல்லோருக்கும் அவன் ருக்னுதீன்தான்.

நேற்றுச் சாயங்காலம் மைமூன் சொல்லியிருந்தாள். "போய் ஜமால்னு சொல்லிட்டு வந்துடுங்க. பதினாலு வருஷமா சொன்னதுதானே?"

"அப்ப கேட்டவங்களுக்கு நான் யாருன்னு தெரியும், புள்ளே. இவங்ககிட்ட சொன்னா அது பொய்யாயிடும்."

"நெசத்தைச் சொன்னா சுக்கானைக் கையில குடுத்துடுவாங்களா? எங்க காக்கா அந்தப் பேரை நமக்குன்னுதான் விட்டுட்டுப் போனாங்க."

பேச்சில் தைரியமாகத்தான் இருந்தாள். மீன் குழம்பில்தான் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது.

அஞ்சடித் தூணுக்கு அந்தப் பக்கம் அப்துல் ஹலீம் உட்கார்ந்திருந்தான். ஜலசந்திக் கம்பெனி செராங்கு, முப்பது வயது, ஏழு வருஷ சர்வீஸ். கீழக்கரையில் ஜமாலுக்கு அடுத்த தெருக்காரன். ஜமாலின் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன். அது ருக்னுதீனுக்குத் தெரியும்.

"அவனைக் கொஞ்சம் பாரு," என்றான் பக்கத்தில் இருந்த ஐயாசாமி. ருக்னுதீனின் லாஞ்சியில் பத்து வருஷமாக எஞ்சின் ஓட்டுகிறவன், துணைக்கென்று வந்திருந்தான். "சர்வீஸ்படி அஞ்சாவது ஆளு அவன்தான். நீ விழுந்தா அவன் ஏறுவான். வாயைத் தொறக்காம இருப்பான்னா நெனைக்கிற?"

"சும்மா இருலா."

"நான் சும்மா இருந்துடுவேன். அவன் இருக்கணுமே."

ஹலீம் எழுந்தான். நேராக வந்து ருக்னுதீன் பக்கத்தில் குந்தினான்.

"காக்கா, உள்ள கேட்டா என்ன சொல்லப் போறீங்க?"

"உனக்கு எதுக்கு அது?"

"இல்ல, நானும் அதையே சொல்லிக்குவேன். அதான் கேட்டேன்."

ருக்னுதீன் அவன் முகத்தைப் பார்த்தான். சூது ஒன்றும் தெரியவில்லை. அவன் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் உண்டு. ருக்னுதீன் ஹலீமின் முழங்காலில் லேசாகத் தட்டினான்.

முதலில் கூப்பிட்ட பேரே அதுதான். "ஜமால்!"

உள்ளே புதுக் கிராணி ஜெயபாலன் பெரிய ரிஜிஸ்டரை விரித்து வைத்திருந்தார். பின்னால் மேஜையில் துரை ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீதான் ஜமாலா?"

"ஆமாங்க."

"மத்தக் கம்பெனி ஆளு ஒருத்தர் சாட்சி சொல்லணும். அப்பதான் கூட்டாளிக்குக் கூட்டாளி பொய் சொல்ல முடியாது."

"நான் சொல்றேன்," என்று வாசலில் நின்ற ஹலீம் உள்ளே வந்தான். "ஒரே ஊருதாங்க. ஜமால் காக்காதான்."

ஜெயபாலன் எழுதிக்கொண்டார். "சர்வீஸ், 1909 தொடங்கி இருபத்து மூணு வருஷம். லிஸ்ட்ல மொத ஆளு."

ருக்னுதீனுக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. தன் பதினான்கும் மச்சானின் ஒன்பதும் சேர்ந்து ஒரே வரியில் நின்றன. மைமூனிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனம் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டது.

ஜெயபாலனின் விரல் மாத்திரம் அந்த வரியிலேயே இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் நின்றது. திரும்பித் துரையிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். துரை தலையைத் தூக்காமலே இரண்டு வார்த்தை சொன்னார்.

"உனக்கு அம்பத்தெட்டு வயசு," என்றார் ஜெயபாலன். "அம்பத்தஞ்சு தாண்டினவன் சுக்கான் புடிக்கக்கூடாது. புது ரூலு. பேரை அடிச்சுடச் சொல்றாரு."

"எனக்கு நாப்பத்துநாலுதாங்க."

"ரிஜிஸ்டர்ல அம்பத்தெட்டு."

ருக்னுதீன் ஹலீமைப் பார்த்தான். ஹலீம் தரையைப் பார்த்தான்.

"அது என் மச்சான் வயசுங்க." குரல் அவனுக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னான். "நான் ஜமால் இல்ல. ருக்னுதீன். மச்சான் ஊருக்குப் போன பொறவு நான்தான் லாஞ்சி ஓட்டுறேன். துறையில யாரை வேணும்னாலும் கேளுங்க."

ஜெயபாலன் பேனாவைக் கீழே வைத்தார். ஏட்டை முன்னும் பின்னும் புரட்டினார். பொறுமையாகத்தான் தேடினார், அதைக் குறை சொல்ல முடியாது.

"ருக்னுதீன்னு யாரும் இல்லையே."

"பதினாலு வருஷமா அந்த லாஞ்சியை வேற யாருங்க ஓட்டினது?"

"ஜமால். இதோ எழுதியிருக்கு."

சாட்சி சொன்னவனையும் விசாரிக்கப் புகுந்தால் அன்றைக்கு லிஸ்ட் முடியாது. ஹலீமைப் பார்த்து முறைத்துவிட்டு ஜெயபாலன் துரையிடம் போய்க் குனிந்து பேசினார். திரும்பி வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஆழம் பாக்கக் கோல் போட ஒரு ஆள் வேணும். விருப்பம்னா எழுதிக்கிறேன். லைசென்ஸ் வேணாம். சேர்ந்த தேதி இன்னைக்குத்தான்."

வெளியே ஐயாசாமி எழுந்து நின்றிருந்தான். விஷயத்தைக் கேட்டதும், "அலமாக்!" என்றான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

மறு திங்கட்கிழமை, ஆறு வற்றியிருந்த நேரத்தில் லாஞ்சி புறப்பட்டது. நான்காவது செராங்காக ஹலீம் சுக்கான் பிடித்திருந்தான். அவன் ஓட்டியதெல்லாம் ஜலசந்தித் திறந்த தண்ணீரில். ஆற்று வளைவுகள் அவனுக்குப் பழக்கமில்லை. ருக்னுதீன் லாஞ்சியின் முன்பக்கத்து அணியத்தில் அடிக்கணக்கு வெட்டிய மூங்கில் கோலோடு நின்றான். கோல்காரன் ஆழத்தை மட்டும் சொல்லவேண்டும். அதுவும் புது விதி. முதல் ஓட்டம் என்பதால் துரையும் கிராணியும் நடுத்தட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது வளைவில், போன மழைக்குப் பிறகு மணல் திட்டு இடம் மாறியிருந்தது. நீப்பாப் பனை ஓலைகள் சாய்ந்திருந்த இடப்பக்கம்தான் இப்போது ஆழம். அது தெரியாமல் ஹலீம் எதிர்ப்பக்கம் லாஞ்சியைத் திருப்பினான்.

"அஞ்சடி," என்றான் ருக்னுதீன். "நாலரை." கோலை எடுக்கிற சாக்கில் அதன் நுனியை இடப்பக்கம் நீட்டினான். ஹலீமுக்குப் புரிந்தது. சுக்கான் திரும்பியது. அடியில் மணல் ஒருமுறை உரசியது. அப்புறம் லாஞ்சி ஆழத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

துரை எழுந்துபோய் ஹலீமின் முதுகில் தட்டினார். "ஆறு உனக்கு நல்லா அத்துப்படின்னு சொல்றாரு," என்றார் ஜெயபாலன். ஹலீம் சிரிக்கவில்லை. வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு முன்னால் நிற்கிறவன் முதுகையே பார்த்தான்.

துரையும் அந்தப் பக்கம் பார்த்தார். விளிம்பில் வெறுங்காலோடு நிற்கும் நரைத்த தலையைக் கண்டு கிராணியிடம் ஏதோ சொன்னார். ஜெயபாலன் கையை வாயருகில் குவித்துக் கத்தினார்.

"ஏய், புது ஆளு! ஓரத்துல நிக்காதே. உனக்கு ஆறு பழக்கமில்ல, விழுந்துடாதேன்னு துரை சொல்றாரு."

ருக்னுதீன் ஓர் அடி உள்ளே தள்ளி நின்றான். கோலைத் தண்ணீரில் விட்டான்.

"ஏழடி," என்றான்.