மாடு கத்திய தேதிகள்

மேனாம்பேட்டுத் திருவேங்கடத்துக்கு எழுத்துப் பைத்தியம் பிடித்தது பூந்தமல்லி கோர்ட்டில். அண்டை நிலத்துக்காரர்கள் இரண்டு பேர் போட்டுக்கொண்ட வரப்பு வழக்கில் சாட்சி சொல்லப் போனவரை, "வரப்பை வெட்டியதைப் பார்த்தேன் என்கிறீரே, எந்தத் தேதி?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"மழை பேஞ்ச அன்னிக்குங்க."

"எந்த மழை?"

"ஏரி ரொம்புன மழைங்க."

"ஏரி ரொம்பியது எந்தத் தேதி?"

திருவேங்கடம் கூண்டில் நின்றபடி நன்றாக யோசித்து, "மழை பேஞ்ச மறுநாளுங்க" என்றார். கோர்ட்டே சிரித்தது. வக்கீல் சிரித்ததும் எதிராளி சிரித்ததும் போகட்டும். வாசலில் நின்ற டவாலிச் சேவகனும் சிரித்தான். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

ஊர் திரும்பும் வழியிலேயே கோடு போட்ட நோட்டு ஒன்றும் பென்சில் ஒன்றும் வாங்கிவிட்டார். மூன்றாம் வகுப்பு வரை படித்த படிப்பு அன்றுதான் கைகொடுத்தது. அதிலிருந்து தினமும் பொழுது சாய்வதற்குள் நோட்டைத் திறந்து, அன்றைய தேதியைப் போட்டு, நடந்ததையெல்லாம் எழுதுவார். எதையெல்லாம் என்று கேட்டால், எல்லாவற்றையும்தான். வக்கீல் எதைக் கேட்பான் என்று யார் கண்டது?

மூன்று வருஷம் போய்விட்டது. நாலாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கோர்ட்டிலிருந்தும் அவரை யாரும் கூப்பிடவில்லை. எழுதியதை ஒரு நாளாவது புரட்டிப் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று ஊரார் கேலி செய்தால், "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்துவிடுவார்.

அவர் மனைவி கன்னியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே அந்த நோட்டின்மேல் அவளுக்கு நிரந்தரச் சந்தேகம்.

"அதுல என்னெப் பத்தி இன்னாய்யா எயுதிகீற?"

"நடந்தத எயுதிகீறேன்மே."

ஒரு பெண்பிள்ளையின் சந்தேகத்தை வளர்க்க இந்தப் பதில் போதாதா? ஆனாலும் அவள் அதோடு விட்டுவிடுவாள். அவளுக்கு வேறு கவலை இருந்தது. அவளுடைய பசு செவலை சினை பிடிக்கவில்லை.

செவலையின் தாய் கன்னியம்மாளோடு நூம்பலிலிருந்து சீதனமாக வந்தது. கல்யாணத்தன்று மணப்பெண்ணுக்குப் பின்னால் நடந்து வந்த மாடு. அதன் வயிற்றில் பிறந்த கடைசிக் கன்று செவலை. அவள் கையால் பால் குடித்து வளர்ந்தது. அவள் குரல் கேட்டால்தான் தவிட்டுத் தண்ணீரில் வாய் வைக்கும். அயனம்பாக்கத்துத் துலுக்கானம் வீட்டில் நல்ல பொலிகாளை ஒன்று உண்டு. செவலை காளை தேடிக் கத்தும்போதெல்லாம் அதனிடம் ஓட்டிப் போயும் பயனில்லை. காளை பக்கத்தில் வந்தாலே செவலை உதைத்துத் தள்ளிவிடும். "மாட்டுலதான் கோளாறு, நைனா" என்று துலுக்கானம் கையை விரித்தான். மலடு என்று ஊர் முடிவு கட்டியது. அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் தன்னையே சொன்னதுபோலக் கன்னியம்மாளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

அந்த 1936-ஆம் வருஷக் கத்திரி வெயிலில் ஏரி காய்ந்து, வைக்கோலும் தட்டுப்பாடு. திருவேங்கடம் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் மாட்டுத் தரகன் வீராசாமிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அவன் ஒரு சனிக்கிழமை வந்து செவலையின் முதுகைத் தடவி, விலாவை அழுத்திப் பார்த்து, "வர்ற சனிக்கெயமை ஓட்டிகினு போறேன்" என்றான்.

"எங்க ஓட்டிகினு போவ?" என்று கேட்டாள் கன்னியம்மாள்.

வீராசாமி வானத்தைப் பார்த்தான். மலட்டு மாடு எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரியாததா?

அவன் தலை மறைந்ததும் அவள் அழவில்லை, கத்தவில்லை. மத்தியானச் சோற்றையும் போடவில்லை. புருஷனுக்கு எதிரில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எத்தினி தபா காளைக்கு ஓட்டிகினு போன?"

"அஞ்சாறு தபா இருக்கும்."

"இருக்குமா? ஊட்டுக்கு வந்தவன் தும்முனத எயுதற ஆளு நீ. இதுக்கு மட்டும் இருக்குமா? எட்றா அந்த நோட்ட!"

புருஷனை 'டா' போட்டுவிட்டதை அவளும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. மூன்று வருஷமாக ஊரே கேலி செய்த நோட்டைப் படிக்கச் சொல்லி முதல்முதலாக ஒருத்தி கேட்டுவிட்டாள். பசியை மறந்து ஓடிப்போய் எடுத்து வந்தார். மாட்டுக்கொட்டகை நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

"ஜனவரி 24. விடியற்காலை மாடு கத்தித் தூக்கம் கெட்டது. கன்னியம்மாள் எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். சோறு தாமதம். ஜனவரி 25. மாட்டை அயனம்பாக்கம் ஓட்டிப் போனேன். பலன் இல்லை. ஜனவரி 27. மைத்துனன் பரந்தாமன் வந்தான். ஜனவரி 31. மைத்துனன் இன்னும் போகவில்லை."

"எந்தம்பி வந்து நாலு நாளு இருந்தது உனுக்கு அவ்ளோ பாரமா?"

"நடந்ததத்தானே எயுதிகீறேன்."

"படி."

"பிப்ரவரி 3. கன்னியம்மாள் கோபம். காரணம் தெரியவில்லை. பிப்ரவரி 4. கோபம் நீடிக்கிறது."

"ஏன்னு என்னெ ஒரு வார்த்த கேட்டா வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?"

"மாட்டப் பத்தி கேக்கிறியா, உன்னெப் பத்தி கேக்கிறியாமே?"

கன்னியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாடு வர்றது மட்டும் படி" என்றாள். அவர் விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டே போனார்.

"பிப்ரவரி 14. மாடு கத்திற்று. கன்னியம்மாள் எண்ணெய்க் குளியல். சோறு தாமதம். மறுநாள் அயனம்பாக்கம். பலன் இல்லை. மார்ச்சு 6. மாடு கத்திற்று. சோறு தாமதம், காரணம் மேற்படி குளியல். மறுநாள் அயனம்பாக்கம். துலுக்கானம் நிச்சயம் என்றான். பலன் இல்லை."

"நில்லு" என்று கை உயர்த்தினாள் கன்னியம்மாள். "மாடு கத்துன அன்னிக்கெல்லாம் நான் எண்ணெ தேச்சிக்கறேனே, அது எப்டி?"

"எனுக்கின்னா தெரியும்? நான்தான் பட்டினி கெடந்தேன்."

"நான் எண்ணெ தேச்சிக்கிறது வெள்ளிக்கெயமைதானேய்யா! அதுல கெயமை போட்டுகீதா பாரு."

நோட்டில் கிழமையே கிடையாது. வக்கீல் கேட்டது தேதியைத்தானே? மூன்று வருஷத்தில் ஒரு நாளுக்குக்கூட அவர் கிழமை எழுதவில்லை. கன்னியம்மாள் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள். போன தடவை கத்தியது மே 8. அது வெள்ளி என்பது நன்றாக நினைவிருந்தது. மாடு கத்திய மற்றத் தேதிகளை அவர் படிக்கப் படிக்க, அங்கிருந்து வாரம் வாரமாகப் பின்னால் போனாள். ஏப்ரல் 17, மார்ச்சு 27, மார்ச்சு 6, பிப்ரவரி 14, ஜனவரி 24. ஆறும் வெள்ளிக்கிழமை. ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக மூன்று வாரம்.

எண்ணி முடித்ததும் செவலையைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வீட்டு லட்சுமியைக் கயிற்றைப் பிடித்து அடுத்தவன் வாசலுக்கு ஓட்டக் கூடாது. மாடு ஏரிக்கரையில் மேயலாம், ஊரைத் தாண்டக் கூடாது. இது அந்த வீட்டுச் சட்டம். அதைக் கட்டிக் காத்தவளே அவள்தான். ஆறு தடவையும், "இன்னிக்கி வெள்ளிக்கெயமை, நாளிக்கி ஓட்டு" என்று சொன்னது அவள் வாய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சொன்னதை யார் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள்? மாட்டின் ஆசை நாளும் கிழமையும் பார்த்து ஒரு நாள் காத்திருக்குமா? சனிக்கிழமை போய் நின்றால் உதைக்காமல் என்ன செய்யும்?

"பாவி, நானே உன் வாயில மண்ணப் போட்டேனே!" என்று செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாடு அவள் தோளை நக்கியது.

"அப்போ வர்ற வெள்ளிக்கெயமையே ஓட்டிகினு போயிடட்டா?" என்றார் திருவேங்கடம்.

"சாமியோட சண்ட போடச் சொல்றியா? மாடு போவக் கூடாது, சரி. காளை வரக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"துலுக்கானம் ஊட்லயும் வெள்ளிக்கெயமை வருதே, அவன் காளைய அனுப்புவானா?"

"அதுக்குத்தான் உன் நோட்டு கீது. எப்ப கத்தும்னு முன்னாடியே தெரிஞ்சிபோச்சு. வியாழக்கெயமையே வரச் சொல்லு."

மே 8-இலிருந்து மூன்று வாரம் எண்ணினால் மே 29. வீராசாமி கயிற்றோடு வருவதற்கு முந்தின நாள். புருஷனைத் தனியாக அனுப்பினால் காரியம் கெடும் என்று, புதன்கிழமை கன்னியம்மாளும் அயனம்பாக்கத்துக்குக் கூடவே நடந்தாள்.

துலுக்கானம் வயிறு குலுங்கச் சிரித்தான். "இன்னா அண்ணாத்தே இது! மாடு கத்துனப்புறம் காளையத் தேடிகினு வருவாங்க. கத்தறதுக்கு மின்னாடியே வந்து கேக்கிறவன இப்பதான் பாக்கறேன். எப்ப கத்தும்னு மாடு உங்கையில சொல்லிச்சா?"

"எயுதி வெச்சிகீறேன். நாளன்னிக்கிக் காலீல கத்தும்."

"கத்தலன்னா?"

திருவேங்கடம் தம் மீசையைத் தொட்டார். முறுக்கிவிட்டால் காதைத் தொடும் மீசை அது. "இத எடுத்துடறேன்" என்றார்.

காளையை வீடு தேடிப் போகவிடுவது வழக்கமில்லை என்று அதுவரை மறுத்த துலுக்கானம், இந்த மீசை போவதைப் பார்க்க எந்த ஊருக்கும் நடக்கத் தயாரானான். வியாழக்கிழமை சாயங்காலம் காளையோடு வந்து சேர்ந்தான். மடியில் ஒரு சவரக் கத்தியும் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கொட்டகையைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. காளை ஒரு பக்கம் கட்டிக் கிடந்தது. செவலை மறுபக்கம் கால் மடக்கிப் படுத்துச் சாவதானமாக அசைபோட்டது. கிழக்கு வெளுத்தது. கத்தவில்லை. காக்காய் கத்தியது, அடுத்த வீட்டு எல்லம்மா கத்தினாள், மாடு மட்டும் கத்தவில்லை. வெயில் கொட்டகைக் கூரையில் ஏறியது. துலுக்கானம் கத்தியைக் கல்லில் தீட்டத் தொடங்கினான். திருவேங்கடம் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வியர்த்துக் கொட்டினார். அவருக்குப் போனால் மீசை, முளைத்துவிடும். தனக்குப் போவது முளைக்குமா என்று கன்னியம்மாள் தவித்தாள்.

மாட்டின் காதோரம் குனிந்து, "கத்துடீ, எங்கண்ணு! ஒரு தபா கத்துடீ" என்று கெஞ்சினாள். அவள் கண்ணீர் மாட்டின் நெற்றியில் விழுந்தது.

செவலை எழுந்தது. உடம்பை முறுக்கி வாலைத் தூக்கியது. பிறகு கழுத்தை நீட்டி ஒரு கத்துக் கத்தியது பாருங்கள், அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்!

"கத்திடுச்சி! கத்திடுச்சி!" என்று கன்னியம்மாள் குதித்தாள். துலுக்கானம் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் காளையை அவிழ்க்க ஓடினான். மேற்கொண்டு நடந்ததைத் திருவேங்கடம் அன்றைய நோட்டில் 'பலன் உண்டென்று நம்புகிறேன்' என்ற ஒரே வரியில் முடித்துவிட்டார். நாமும் அவ்வளவோடு நிறுத்திக்கொள்வோம். துலுக்கானமும் காளையும் அன்று அங்கேயே தங்கி விருந்து சாப்பிட்டுவிட்டுச் சனிக்கிழமைதான் கிளம்பினார்கள்.

அவர்கள் போன சற்று நேரத்துக்கெல்லாம் வீராசாமி கயிற்றோடு வந்தான். திருவேங்கடம் கொடுத்த வாக்கை நினைத்துத் தலையைச் சொறிந்தார். கன்னியம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"மூணு வாரம் பொறு. ஜூன் 19, வெள்ளிக்கெயமை. அன்னிக்கி மாடு கத்துச்சின்னா சினை பிடிக்கலன்னு அர்த்தம். மறுநாளு வந்து ஓட்டிகினு போ. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

தேதி சொல்லிப் பேசும் பெண்பிள்ளையிடம் என்ன வாதாடுவது என்று வீராசாமி போய்விட்டான். சொல்லிவிட்டாளே தவிர, அந்த மூன்று வாரமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 19 விடிந்தது. இந்தத் தடவை கூட்டம் இல்லை, கத்தி இல்லை. அவர்கள் இரண்டு பேர் மட்டும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். போன தடவை கத்து கத்து என்று கெஞ்சியவள் இப்போது மூச்சுவிடவும் பயந்தாள். தெருவில் எங்கோ ஒரு மாடு கத்தியது. கன்னியம்மாள் துள்ளி எழுந்தாள். எல்லம்மா வீட்டு மாடு. மறுபடி உட்கார்ந்தாள். வெயில் ஏறி, ஆடுகள் மேய்ச்சலுக்குப் போய், அன்றைக்கு எண்ணெய்க் குளியலும் இல்லாமல், அடுப்பும் மூட்டாமல் உச்சிப்பொழுது வந்தது. செவலை வைக்கோலைத் தின்றது, தண்ணீர் குடித்தது, காலை மடக்கிப் படுத்தது. பொழுது சாயும்வரை ஒரு சத்தம் போடவில்லை.

திருவேங்கடம் நோட்டைத் திறந்து, தேதியோடு கிழமையையும் போட்டு ஏதோ எழுதினார்.

"இன்னாத்தய்யா எயுதற? இன்னிக்கி ஒண்ணுமே நடக்கலியே" என்றாள் கன்னியம்மாள்.

அவர் படித்தார். "ஜூன் 19, வெள்ளி. மாடு கத்தவில்லை."

கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

"இன்னொரு தபா படி" என்றாள்.