ஹௌகன் நிலத்துக்கு யாரைக் கேட்பது

துக்கம் விசாரிக்கக் கையைப் பிடித்தவர், கையை விடாமலே அடுத்த பேச்சுக்குப் போனார்.

"உங்கப்பா மாதிரி ஒரு மனுஷன் இனிமே பொறக்கணும்மா," என்றவர், திறந்திருந்த சவப்பெட்டியை ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் தானியக் கிடங்குல பாத்தேன். 'இந்த வருஷம் நம்ம புல்லுல வேட்டைக்கு எறங்கிக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்'னாரு. உன் காதுல போட்டு வைக்கலாம்னுதான் சொல்றேன். அவசரமே இல்ல."

அவசரம்தான். விடிந்தால் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழியின் வேட்டைக் காலம் தொடங்குகிறது. விதை வியாபாரம் செய்யும் அந்த மனிதரின் தோளுக்கு மேல், தேவாலயக் கண்ணாடி வழியாகக் கடைத்தெருவில் கட்டியிருந்த ஆரஞ்சு நிறத் துணி தெரிந்தது. 'வேட்டைக்காரர்களே, வருக!' அதற்குக் கீழே வெளியூர் வண்டிகள் ஏற்கெனவே நிற்க ஆரம்பித்திருந்தன.

"சரிங்க," என்று ஜோலின் கையை உருவிக்கொண்டாள்.

முதலில் சனிக்கிழமை அடக்கம் வைக்கலாம் என்றுதான் பாஸ்டர் சொன்னார். அவர் ஊருக்குப் புதிது. சவப்பெட்டிக் கடைக்காரர் அவரைத் தனியே கூப்பிட்டு, "பாஸ்டர், வேட்டை தொடங்கற சனிக்கிழமை வச்சா பெட்டியத் தூக்க நீங்களும் நானும்தான்," என்று சொன்ன பிறகு வெள்ளிக்கிழமைக்கு மாறியது. இறந்தவரே இருந்திருந்தாலும் வெள்ளிக்கிழமையைத்தான் சொல்லியிருப்பார் என்று ஜோலின் நினைத்தாள்.

இது நல்ல வருஷம். பனிக்காலம் பெரிதாகக் கடிக்கவில்லை. ஜூனில் முட்டை பொரிக்கும் சமயத்தில் ஆலங்கட்டி விழவில்லை. ஆகஸ்ட் மாதக் கணக்கெடுப்பில், சாலையோரம் ஒவ்வொரு பெட்டைக்குப் பின்னாலும் ஒரு கூட்டம் குஞ்சுகள் ஓடின. இப்படி ஒரு வருஷம் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று வனவிலங்குத் துறை சொன்னது. ஊர்க்காரர்கள் அதை இரண்டு மடங்காக்கிச் சொன்னார்கள். ஆனால் மக்காச்சோளம் இன்னும் அறுவடையாகாமல் பாதி நின்றதால், கோழி எங்கே ஒளிந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரே ஓர் இடத்தைத் தவிர. அவள் அப்பா வெர்னன் ஹௌகனின் புல்வெளியும் அதன் நடுவே இருந்த கோரைப் பள்ளமும். அங்கே கோழி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே போகத்தான் முடியாது.

முன்பு போக முடிந்தது. வெர்னன் சில வருஷம் துறையோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். துறை வேலியில் பச்சைப் பலகை அடித்தது. யார் வேண்டுமானாலும் நடந்து போய்ச் சுடலாம். பிறகு எவனோ வேலிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போக, மாடுகள் நெடுஞ்சாலைக்குப் போய்விட்டன. இரண்டு அடிபட்டுச் செத்தன. அடுத்த நாள் வெர்னன் பலகைகளைப் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்த் துறை அலுவலக வாசலில் கொட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு மூன்று சீசனாக 'முடியாது' என்ற ஒரே பதில்தான்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு நடந்தது. ஹாம் வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், பெரிய பாத்திரத்தில் காபி. ஜோலின் தட்டோடு நடந்த இடமெல்லாம் அப்பா யாருக்காவது அனுமதி கொடுத்திருந்தார். விடுதிக்காரருக்குக் கொடுத்திருந்தார். முடிதிருத்துபவருக்குக் கொடுத்திருந்தார். மின்னியாபொலிஸிலிருந்து வருகிற ஒரு பல் டாக்டருக்கு, அவருடைய மாமனார் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அக்கா, இதுல என்ன தப்பு?" என்றான் தம்பி கர்ட். அவன் சூ ஃபால்ஸ் நகரத்தில் டிராக்டர் விற்கிறான். இரவே திரும்ப வேண்டும். "ஜனங்க கேக்கறாங்க. விடுதி, காபிக் கடை எல்லாம் இந்த ரெண்டு வாரத்தை நம்பித்தான் ஓடுது. அப்பா பிடிவாதம் அப்பாவோட போகட்டும். தெறந்து விட்டுடலாம்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

"அவர மண்ணுல வச்சு ஒரு மணி நேரங்கூட ஆகல, கர்ட்."

"நாளைக்குத்தானே சீசன். நான் என்ன பண்ண?"

அவன் சொன்னது தவறில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

படிக்கட்டுக்கு அருகே, மற்றவர்களிடமிருந்து தள்ளி, ஒரு இளம் பெண் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். டெஸ்ஸா. வனவிலங்குத் துறையில் நிலக்காரர்களோடு பேசுவதுதான் அவள் வேலை. கடைசியில் வெர்னனோடு இருந்தது அவள்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை புல்லில் மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள் என்று ஜோலின் கேள்விப்பட்டிருந்தாள். பக்கத்தில் போனபோது அவள் மணிக்கட்டுகளில் கட்டு இருந்தது தெரிந்தது.

"சாப்பிடலையா?"

"வேணாங்க. நான் கெளம்பறேன். வரலாமா வேணாமான்னே தெரியல."

"அப்பா கடைசியா என்ன பேசினார்னு எனக்குச் சொல்லணும்."

டெஸ்ஸா தரையைப் பார்த்தாள். "நல்லதா ஒண்ணும் இல்லீங்க."

"பரவால்ல."

"நான் ஒப்பந்தத்தைப் பத்திப் பேசப் போனேன். காலையிலேர்ந்து விடாம கேட்டேன். வண்டியில சுத்திக் காட்டினாரு. எங்க பாத்தாலும் கோழி. அவருக்கே சந்தோஷம் தாங்கல. அதப் பாத்துட்டு, இப்ப கேட்டா ஒத்துப்பாருன்னு மறுபடி கேட்டேன். 'முடியாதுன்னா முடியாது, பொண்ணே. காது கேக்காதா உனக்கு?'ன்னாரு. எறங்கினாரு. நாலு எட்டு வச்சாரு. உக்காந்தாரு." அவள் மணிக்கட்டுக் கட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கோபப்படுத்திட்டேனோன்னு..."

"டாக்டர் சொல்லிட்டார். ரொம்ப நாளாவே இருந்த அடைப்பு."

"ம்."

"இங்க இருக்கிற எல்லாருக்கும் சரின்னு சொல்லியிருக்காராம். உனக்கு மட்டுந்தான் முடியாதுன்னிருக்காரு," என்றாள் ஜோலின்.

அவள் சிரிக்கவில்லை. டெஸ்ஸாவும் சிரிக்கவில்லை. ஆனால் ஜோலின் தன் தட்டிலிருந்த பன்னை அவளிடம் நீட்டினாள், அவள் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும்போது அம்மா இர்மா முன் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க அழவில்லை. டெஸ்ஸா சொன்னதை ஜோலின் சொன்னாள். அம்மா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களான்னு நான்தான் அவரைக் கேட்டேன். தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா."

"முடியாதுன்னாரு. மூஞ்சிக்கு நேரா. நான் அழுதுட்டுப் போயிட்டேன். மறுநாள் காலையில எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கறாரு, தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு. வீட்டுக்குள்ளயே கழிவறை கட்டலாம்னு சொன்னப்பவும் முடியாதுன்னாரு. நீ காலேஜுக்குப் போகணும்னப்பவும் அதேதான். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தா வேற ஆளு."

"அப்ப இதுக்கும் சரின்னிருப்பாரா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் அம்மா. "சில சமயம் மறுநாளும் முடியாதுன்னுதான் சொல்லுவாரு."

கொஞ்ச தூரம் போன பிறகு அம்மாவே மறுபடி பேசினாள். "மாடு செத்ததுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அது மட்டும் இல்ல. முன்னெல்லாம் சுட வர்றவன் வீட்டுக்கு வருவான். காபி குடிப்பான். போகும்போது சுத்தம் பண்ணின ரெண்டு கோழி குடுத்துட்டுப் போவான். பலகை அடிச்சப்பறம் ஒருத்தனும் வரல. வண்டி நிக்கும், போகும். இவரு ஜன்னல்லயே நின்னுக்கிட்டிருப்பாரு."

வீட்டில் கர்ட் புறப்படத் தயாராக இருந்தான். ஜோலின் அவனிடம் சொன்னாள்: "யாருக்கும் நாம வாக்குக் குடுக்கல. ஒப்பந்தமும் இல்ல. நிலம் அம்மாவோடது. வேணுங்கறவன் வந்து அம்மாவைக் கேக்கட்டும்."

"ஒருத்தனும் வர மாட்டான், அக்கா. இன்னிக்குத்தான் புருஷனப் புதைச்ச வீட்டுக் கதவை நாளைக்கு எவன் தட்டுவான்?"

"அப்ப வராம இருக்கட்டும்."

அவன் அம்மாவை அணைத்துக்கொண்டான். கொஞ்சம் அதிகநேரம் அணைத்தபடியே நின்றான். பிறகு போனான்.

ஜோலின் அன்று அங்கேயே தங்கினாள். காலையில் மாடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்தபோது பக்கத்து நிலங்களில் வெடிச் சத்தம் தொடங்கியிருந்தது. கர்ட் சொன்னபடிதான் நடந்தது. விடுதிக்காரரின் வண்டி மெதுவாக வந்தது, வேலிக்குப் பக்கத்தில் இன்னும் மெதுவானது, போய்விட்டது. விதை வியாபாரியின் வண்டியும் அப்படியே. இறந்தவர் அனுமதி கொடுத்த ஒருவரும் இருப்பவரைக் கேட்க இறங்கவில்லை. சுட்ட சத்தத்துக்குப் பயந்த சேவல்கள் சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்து, ஹௌகன் புல்லுக்குள் ஒவ்வொன்றாய் நுழைந்துகொண்டிருந்தன. அம்மா ஜன்னலோரம் நின்று அதைப் பார்த்தாள்.

வெயில் ஏறிய பிறகு ஒரு பழைய வண்டி வந்து நின்றது. பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவின் எண். இறங்கியவன் நாயை வண்டிக்குள்ளேயே விட்டுக் கதவைச் சாத்தினான். ஊரார் எல்லோரும் பின்வாசலிலேயே வந்துபோக, யாரும் பயன்படுத்தாத முன்வாசலுக்கு வந்து தட்டினான். ஜோலின் திறந்தாள். ஆரஞ்சு அங்கி, முழங்கால் வரை சேறு. ஊர்ச் செய்தி எதுவும் தெரியாதவன் என்று முகமே சொன்னது.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்ங்க. அந்தப் புல்வெளி உங்களோடதா? கேட்டுக்கிட்டுத்தான் எறங்கணும்னு... நிலக்காரர் வீட்ல இருக்காருங்களா?"

ஜோலின் வாயைத் திறந்தாள்.

"நான்தான்," என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எத்தனை பேரு?"

"நான் மட்டுந்தாங்க. நாயும்."

"தெற்குப் பக்கமா எறங்கு. வடக்குல மாடு இருக்கு, அந்தப் பக்கம் சுடாதே. கதவைத் தெறந்தா சாத்து." அம்மா உள்ளே கை காட்டினாள். "காபி போட்டிருக்கு. குடிச்சுட்டுப் போ."

அவன் பூட்ஸைக் கழற்றி வாசலிலேயே வைத்தான். சமையலறை மேசையைச் சுற்றியிருந்த நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஊரார் கொண்டுவந்த கேக் தட்டுகளும் மூடிய பாத்திரங்களும் அடுக்கியிருந்தன. உட்கார இடமில்லாமல் அவன் காலுறையோடு நடுவில் நின்றான். இர்மா ஒரு நாற்காலியிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்கத் தொடங்கினாள்.