இடது பக்கத்து ஏணி

யாராவது என்னைத் திட்டினால் எனக்குக் கோபம் வரும். திட்டாமலே இருந்தால் அதைவிட அதிகமாக வரும். இது என்ன புத்தி என்று கேட்காதீர்கள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். விடிந்ததிலிருந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்! கிளட்சை மிதிங்க சார்! கண்ணாடியில தலை சீவுறதை அப்புறம் வெச்சுக்கலாம்!" என்று கத்திக் கத்தியே என் தொண்டை இந்த லட்சணத்துக்கு வந்திருக்கிறது. என் கணக்கில், நாம் யாரைத் திட்டுகிறோமோ அவர்கள்தான் நம்மவர்கள். மற்றவர்களிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடுவோம்.

நாற்பது தாண்டித்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மனைவியை இழந்தவர். கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் இருந்தாள். அந்தப் பெண் முதல் நாளே என்னைச் "சித்தி" என்று கூப்பிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்தச் சித்தியில் கும்பிடு இருந்தது, உறவு இல்லை. "தேங்க்ஸ் சித்தி." "பரவாயில்லை சித்தி." "நீங்க சிரமப்படாதீங்க சித்தி." புதிதாகக் குடிவந்த மாடி வீட்டுக்காரர்கள்கூட என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

அப்பாவிடம் அப்படியா? "கண்ணாடியைக் காணோமா? ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுறீங்க, உங்க நெத்தியில இருக்கிறது தெரியலையாப்பா?" என்று வறுத்தெடுப்பாள். அவர் சிரித்துக்கொண்டே நெற்றியைத் தடவுவார். எனக்கு வயிறு எரியும். ஒரு நாள் வேண்டுமென்றே சமையலில் உப்பை அள்ளிப் போட்டேன். அவர் ஒரு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டார். அவளோ தண்ணீரைக் குடித்துக் குடித்து மொத்தத்தையும் விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு சித்தி" என்றாள். அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. பிறகு அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. இரண்டு மாதத்தில் போய்ச் சேர வேண்டும். போய்விட்டால் அவ்வளவுதான். விடுமுறைக்கு வருவாள், மரியாதையாகச் சாப்பிடுவாள், மரியாதையாகக் கிளம்புவாள். அந்த வீட்டில் சாகும்வரை நான் ஒரு நல்ல விருந்தாளி. அவள் போவதற்குள் என்னை ஒரு தடவையாவது வாய்விட்டுத் திட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் கப்பல் வந்து சேர்ந்தது. அதாவது, அது முன்பே பின்பக்கத்துச் சின்ன அறையில் இருந்தது, மேலே ஒரு பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு. நான் அந்தப் பக்கம் துடைப்பத்தைக்கூடக் கொண்டுபோனதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் அதன் எதிரில் நின்று பேசுவது என் காதில் விழுந்தது.

"நான் போறதுக்குள்ள இதை முடிச்சிருவீங்களாப்பா?"

"பார்க்கலாம்டா."

"ஆறு வருஷமா பார்க்கலாம் பார்க்கலாம்னுதான் சொல்றீங்க."

அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டு, "காபி போடட்டுமா சித்தி?" என்றாள்.

அவர்கள் கடைத்தெருவுக்குப் போனதும் நான் போர்வையை எடுத்துப் பார்த்தேன். அடேயப்பா! நான் ஏதோ பொம்மைக் கப்பல் என்று நினைத்திருந்தேன். என் இரண்டு கைகளையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம். அந்தக் காலத்துப் போர்க்கப்பல், எழுபத்து நாலு பீரங்கி. பீரங்கி வாசல் ஒவ்வொன்றுக்கும் தூக்கி மூடுகிற கதவு. கதவை இழுக்க ஒரு நூல். அடிப்பக்கம் முழுக்க நகத்தளவு செப்புத் தகடு ஒட்டி, அதில் ஆணி அடித்த புள்ளிகூட வைத்திருந்தார். பின்பக்கம் கப்பல் தலைவன் தங்குகிற அறையின் சன்னல்கள் பளபளவென்று இருந்தன. மூக்குக்கண்ணாடியில் வெட்டி எறிகிற லென்ஸ் துண்டுகளைத் தேய்த்து அவரே வைத்தவை. இரண்டு வருடமாக ஒரே கட்டிலில் படுக்கிறேன், இந்த மனுஷன் இப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியாது. கோபம்தான் வந்தது. இதைப் போய் மூடி வைப்பார்களா?

சாயங்காலம் பிடித்துக்கொண்டேன். "இதுல என்ன பாக்கி?"

அவர் மெல்லக் காட்டினார். மூன்று பாய்மரம். ஒவ்வொரு பாய்மரத்தின் உச்சியிலிருந்தும் கப்பலின் இரண்டு ஓரத்துக்கும் நெடுங்கயிறுகள் இறங்குகின்றன. அவற்றின் குறுக்கே படிபடியாகக் கயிறு கட்டினால் மாலுமிகள் ஏறுகிற ஏணி. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே ஒரு அரிசியின் நீளம்தான். குறுக்குக் கயிறு நெடுங்கயிற்றைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிச்சு. "என் விரல் தடிமன். எனக்கு வராது. அவதான் கட்டுவா" என்றார்.

அவ என்றால் அக்கா. அவருடைய முதல் மனைவி, நான் பார்த்தே இராத மூத்தவள். மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுவேன். இடது பக்கம் மூன்று பாய்மரத்துக்கும் அக்கா ஏணி கட்டியிருந்தார். கடைசிப் பாய்மரத்தில் மட்டும் உச்சிப் பக்கம் சில படிகள் பாக்கி. அதோடு நின்றிருந்தது. வலது பக்கம் ஒன்றுமே கட்டவில்லை.

"வலது பக்கம் நான் கட்டுறேன்" என்றேன்.

"கை நடுங்கக் கூடாதும்மா."

"நேத்து லைசென்ஸ் இல்லாத பொண்ணு கையில ஸ்டியரிங்கைக் கொடுத்துட்டு லாரிக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தேன். எனக்கா நடுங்கும்?"

அவர் யோசித்தார். பிறகு நூலும் இடுக்கியும் எடுத்து முடிச்சை ஒரே ஒரு தடவை காட்டினார். நெடுங்கயிற்றை ஒரு சுற்று, தன் மேலேயே ஏறி இன்னொரு சுற்று, அடியில் நுழைந்து வெளியே. பூ! இவ்வளவுதானா?

நான்கு சாயங்காலம் கட்டினேன். முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் ஹேண்ட்பிரேக் இழுப்பதுபோல் இழுத்து இறுக்கினேன். கிட்டத்தில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் அவள் பெட்டி எடுக்க அறைக்குள் வந்தாள். பார்த்தாள். பெட்டியைக் கீழே போட்டாள்.

"ஐயோ சித்தி! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!"

நான் எட்ட நின்று பார்த்தேன். நேராக இறங்க வேண்டிய நெடுங்கயிறுகள் எல்லாம் நடுவில் உள்ளே இழுபட்டு, கப்பலுக்கு இடுப்பு வந்திருந்தது.

"இது ஏணியா, உடுக்கையா? யாரு உங்களை இந்த இழு இழுக்கச் சொன்னது? இதுல ஏறுறவன் நேரா கடல்லதான் விழுவான்! ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? எல்லாத்துலயும் அவசரம், அவசரம்! அன்னைக்கு உப்பைக் கொட்டினீங்களே, அது மாதிரி!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கண் இரண்டும் பெரிதாகிவிட்டன. "சாரி சித்தி" என்றாள்.

"சாரியைத் தூக்கி அந்தப் பெட்டியில போடு. திட்ட ஆரம்பிச்சா முடிக்கணும். உப்பு விஷயம் தெரிஞ்சுமா முழுசையும் சாப்பிட்டே?"

"வாய் வெந்துபோச்சு" என்றாள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு உள்ளே என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

நகம் வெட்டுகிற கத்தரியால் என் நான்கு நாள் உழைப்பையும் அவளே வெட்டிப் போட்டாள், கொஞ்சம்கூட இரக்கம் இல்லாமல். ஒரு வெள்ளை அட்டையில் வரிவரியாகக் கோடு போட்டு நெடுங்கயிறுகளுக்குப் பின்னால் செருகினாள். "கோட்டு மேலயே கட்டணும். முடிச்சு கயிறைப் பிடிச்சுக்கணும், இழுக்கக் கூடாது. ஒரு வரிசை முடிஞ்சதும் எட்ட நின்னு பாருங்க. சரியா இருந்தா மட்டும் பசை. பசை காஞ்சா அப்புறம் பிரிக்க முடியாது. அம்மா இப்படித்தான் கட்டும்."

என் எதிரில் அவள் அம்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தினமும் வகுப்பு முடிந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அவள் நூலைத் தேன்மெழுகில் இழுத்து, துண்டு துண்டாக நறுக்கித் தருவாள். நீயே கட்டேன் என்றால், "எனக்கு வராது" என்று ஒதுங்கிவிடுவாள். மற்றபடி வாய் ஓயாது. கட்டும்போது அக்கா கப்பலையே திட்டுவாராம். "கடல்ல இறங்காத கப்பலுக்கு எதுக்குடி இத்தனை ஏணி" என்பாராம். பரவாயில்லையே, நம்ம கட்சிதான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிற்காமல் சொல்லியும்விட்டேன். அவள் என் தோளில் ஒரு அடி போட்டாள்.

ஒரு நாள் இடது பக்கத்துக் கடைசிப் பாய்மரத்தைக் காட்டினாள். கீழ்ப்படிகள் அளவெடுத்த மாதிரி இருந்தன. மேலே போகப்போகச் சற்றே சரிந்திருந்தன. "அப்ப அம்மாவால உட்கார முடியலை. கட்டில் பக்கத்துல பெஞ்சு போட்டு, கப்பலை அதுல வெச்சு, சாஞ்சுக்கிட்டே கட்டுச்சு. வேண்டாம்மான்னு அப்பா கெஞ்சினாங்க. கேட்டாத்தானே?"

அதுவரை எனக்கு அக்கா என்றால் குறையே இல்லாத ஒரு ஆள். எதில் நான் போட்டி போட முடியும் என்று மனசுக்குள் ஒரு கசப்பு இருந்தது. சரிந்த அந்தப் படிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அந்தக் கசப்பு போன இடம் தெரியவில்லை. பாவம், எவ்வளவு வலித்திருக்கும். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, வலது பக்கம் முடிந்தது. அவர் அரை நாள் வேலைக்குக் கடைக்குப் போயிருந்தார். நான் இடுக்கியைத் துடைத்து வைத்தேன்.

"முடிஞ்சுதும்மா."

"இன்னும் இடது பக்கம் மேல இருக்கே சித்தி."

"அது அப்படியே இருக்கட்டும். உங்கம்மா விட்ட இடம். அங்க நான் கை வைக்க மாட்டேன்."

"நீங்க வைக்கலைன்னா வேற யாரு வைப்பா? அப்பா செய்ய மாட்டாங்க. கை தடிமன்னு சொல்றதெல்லாம் சும்மா. லென்ஸ் தேய்க்கிற கைக்கு முடிச்சு வராதா?" இடது பக்கத்து உச்சியையே பார்த்தாள். "என்னாலயும் முடியலை. ஒவ்வொரு தடவையும் நூலை எடுப்பேன். அம்மாவோட கடைசி முடிச்சைப் பார்ப்பேன். இதுக்கு மேல ஒண்ணு போட்டா, அப்புறம் அது கடைசி இல்லையேன்னு தோணும். வெச்சிடுவேன். அதே சமயம் இப்படிப் பாதியில விட்டுட்டுப் போகவும் மனசு வரலை."

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"சரி, கட்டுறேன்" என்றேன். "ஆனா உங்கம்மா முடிச்சுக்கு அடுத்த முடிச்சு என்னோடதா இருக்காது. அது சரியில்லை. அந்த ஒரு படியை நீ கட்டு. அதுக்கு மேல நான் பார்த்துக்கிறேன்."

"எனக்கு வராது சித்தி."

"வராதுன்னு சொல்லி என்கிட்ட யாரும் தப்பிச்சதில்லை. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன். எடு நூலை."

எடுத்தாள். அந்த இடத்தில் ஐந்து நெடுங்கயிறு, ஐந்து முடிச்சு. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். முதல் முடிச்சு மூன்று தடவை நழுவியது. கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்ததால் அவளுக்குக் கோடே தெரியவில்லை. நான் முந்தானையால் துடைத்துவிட்டேன், அவள் கட்டினாள், மறுபடி துடைத்துவிட்டேன். அட்டை நகர்ந்துபோனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. ஐந்தாவது முடிச்சு போட்டுவிட்டு என் மடியில் தலையை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள். நானும் அழுதேன். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் அவ்வளவு பிரியம் இருந்தது அப்போதுதான் எனக்கே முழுதாகத் தெரிந்தது.

பிறகு மேலே இருந்த படிகளை நான் கட்டினேன். உச்சிவரை கட்டி, என் வரிசைகளுக்குப் பசை வைத்து முடித்தபோது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர் வந்துவிட்டார்.

நின்று பார்த்தார். பையிலிருந்து லென்ஸ் சோதிக்கிற உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டு இடது பக்கம் குனிந்தார். கீழேயிருந்து ஒவ்வொரு படியாக அவருடைய விரல் தொடாமல் ஏறியது.

"இது அவ" என்றார். "இதுவும் அவ." சரிந்த படிகளுக்கு வந்ததும் ரொம்ப நேரம் நின்றார். பிறகு நேராக உச்சிக்குப் போய், "இதெல்லாம் நீ. இறுக்கம் குறையவே இல்லை பாரு" என்றார். மறுபடி கீழே இறங்கி நடுவில் நின்றார்.

"இது யாரு? ஒரு முனை மேல, ஒரு முனை கீழ... கோட்டுல ஒண்ணுகூட நிக்கலையே."

லென்ஸில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தேய்க்கிற மனுஷன் அவர்.

"நான்தான்ப்பா" என்றாள். "அது மட்டும் இன்னும் பசை வைக்கலை. பிரிச்சிட்டு நேரா கட்டிடுறேன்."

அவர் உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கையை நீட்டினார். நான் கத்தரியைக் கொடுத்தேன். அதை மேஜையில் வைத்துவிட்டு மறுபடி நீட்டினார். எனக்கு அப்புறம்தான் புரிந்தது. தூரிகையைக் கொடுத்தேன்.

அவர் அதைப் பசையில் தொட்டு, மகள் போட்ட முதல் முடிச்சின் மேல் ஒரு சொட்டு வைத்தார். ஊதினார். அடுத்ததற்கு நகர்ந்தார். ஐந்து முடிச்சுக்கும் வைத்து முடித்தார். பிறகு காயும்வரை மூன்று பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.